பெங்களூரில் குதிரை வளர்க்கலாமா? என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆனேக்கல் பக்கம் எனக்கு ஒரு சின்ன லாயம் இருக்கிறது. இப்போது அதில் இரண்டு குதிரைகளும் ஒரு வெள்ளாடும் இருக்கின்றன. முதல் குதிரையை 1998-இல் வாங்கினேன். அல்சூர் உறவினர்கள், கூட வேலை பார்த்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் என்று இத்தனை வருடமாகக் கேட்கிறவர்கள் மாறினாலும் கேள்விகள் பெரிதாக மாறவில்லை. எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்த ஆசை எப்படி வந்தது?

தாத்தா சிவாஜிநகரில் ஜட்கா (குதிரை வண்டி) ஓட்டினார். ஆட்டோக்கள் வந்து ஜட்காவின் பிழைப்பு போன பிறகும் அவர் குதிரையை விற்கவில்லை. வண்டியை மட்டும் விற்றார். வருமானம் இல்லாத குதிரைக்கு அவர் தினமும் புல் வாங்கி வந்ததை எட்டு வயதில் பார்த்தேன். விடியற்காலையில் லாயத்துக்குள் போனால் சூடான மூச்சு, ஊறவைத்த கொள்ளு, பழைய தோல் எல்லாம் கலந்த ஒரு வாசனை வரும். அந்த வாசனைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. சவாரி கற்றதெல்லாம் வெகுநாள் கழித்துத்தான்.

பெங்களூர் குதிரைக்கு ஏற்ற ஊரா?

தட்பவெப்பத்தைப் பொறுத்தவரை மிக நல்ல ஊர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், வருடத்தில் பெரும்பகுதி மிதமான வெயில். இங்கிருந்து மங்களூர் சாலையில் 70 கிலோமீட்டர் போனால் குனிகல். திப்பு சுல்தான் காலத்திலிருந்தே குதிரைப் பண்ணை இருக்கிற இடம் அது.

ஆனால் இடமும் தண்ணீரும் பெரிய சிக்கல். ஒரு குதிரை சாதாரண நாளில் 25 முதல் 40 லிட்டர் குடிக்கும், வெயிலில் வேலை செய்தால் இன்னும் அதிகம். 2024 கோடையில் போர்வெல் வற்றி ஊரே டேங்கருக்குக் காத்திருந்தபோது, வீட்டுக்குக் குளிக்க வைத்திருந்த டிரம்மை லாயத்துக்குத் தூக்கிப் போனோம். தண்ணீர் குறைந்தால் குதிரைக்குக் குடல் கட்டிக்கொள்ளும், அதனால் அதில் மட்டும் சிக்கனம் பார்க்க முடியாது. சொந்தமாகவோ குத்தகைக்கோ நகரத்துக்கு வெளியே நிலம் இருக்க வேண்டும், அங்கே நம்பகமான தண்ணீரும் வேண்டும். இரண்டும் இல்லையென்றால், பணம் கட்டிக் குதிரையை விட்டுவைக்கும் நல்ல லாயத்தைத் தேடுவதே சரி.

எங்கே வாங்குவது, எதைப் பார்த்து வாங்குவது?

நம் ஆட்கள் முதலில் கேட்பது அந்தியூர்ச் சந்தை. ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டி ஈரோடு மாவட்டம் அந்தியூரில் கூடுகிற சந்தை அது. என் மல்லி அங்கேதான் கிடைத்தாள். நுனிகள் உள்பக்கம் வளைந்த காதுகளோடு நிற்கும் மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகளை அங்கே பார்க்கலாம். ஒருமுறை சும்மா போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். முதல் தடவையே பணத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.

இன்னொரு வழி ரேஸில் ஓய்ந்த குதிரை. இவை பெரும்பாலும் சின்ன வயதிலேயே பந்தயத்தை விட்டு வெளியே வருகின்றன. குதிரையின் ஆயுள் 25 முதல் 30 வருடம் என்பதை நினைத்தால், மிச்ச வாழ்க்கை முழுவதும் அதற்கு ஒரு வீடு வேண்டும். என்னிடம் இருக்கும் பாரி அப்படி வந்தவன். முதல் நான்கு மாதம் அவன் மேல் யாரும் ஏறவில்லை. நிறைய ஓட்ஸ் தின்று தினமும் பாய்ந்து ஓடிப் பழகிய உடம்பு அது. தானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, திறந்த வெளியில் மேயவிட்டு, அவசரம் இல்லாத ஒரு வாழ்க்கைக்கு அவனைப் பழக்கினோம். குதிரைக்குப் புதியவர்கள் தனியாக இதில் இறங்க வேண்டாம்.

வாங்கும்போது வயதைப் பல்லில் பாருங்கள். முன்பற்கள் இரண்டரை, மூன்றரை, நாலரை வயதில் ஜோடி ஜோடியாக விழுந்து முளைத்து, ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். மேல் ஓரப்பல்லில் பத்து வயதுவாக்கில் ஒரு கோடு தோன்றும். பதினைந்தில் பாதிப் பல் வரைக்கும், இருபதில் முழுப் பல்லுக்கும் இறங்கும். விற்பவர் "எட்டு வயசு" என்று சொல்லி, கோடு பாதி இறங்கியிருந்தால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். அப்புறம் காலைப் பாருங்கள். கெட்டித் தரையில் நடக்கவிட்டு, நேராக வரும்போதும் போகும்போதும் தலை ஒரே சீராக அசைகிறதா என்று கவனியுங்கள். முன்காலில் வலி இருந்தால், அந்தக் காலை ஊன்றும்போது தலையைத் தூக்கும்.

கிளாண்டர்ஸ் நோய் இல்லை என்ற ரத்தப் பரிசோதனைச் சான்று இல்லாமல் எந்தக் குதிரையையும் உங்கள் வண்டியில் ஏற்றாதீர்கள். அது மனிதருக்கும் தொற்றும், உயிரைக் கொல்லும். சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய். நாட்டில் இந்தப் பரிசோதனைக்குத் தலைமை இடம் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம்.

சுழி பார்க்க வேண்டாமா?

எல்லாரும் கேட்பார்கள். சந்தையில் பெரியவர்கள் நெற்றி, மார்பு, வயிறு என்று மயிர்ச் சுழிகளைத் தேடி ராசியுள்ளது, ஆகாதது என்று பிரிப்பார்கள். சுழிக்கு ஒரு நிஜமான பயன் உண்டு. நம் கைரேகை மாதிரி அது குதிரைக்குக் குதிரை மாறும், அதனால் அடையாளச் சீட்டில் சுழிகளைப் படமாகவே குறிப்பார்கள். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. மல்லியைச் சுழி சரியில்லை என்று இரண்டு பேர் தள்ளிவிட்டுப் போனார்கள். அதனால்தான் என் கைக்கு எட்டும் விலைக்கு அவள் வந்தாள். 23 வருடம் எங்களோடு இருந்தாள். என் இரண்டு பிள்ளைகளும் அவள் முதுகில்தான் சவாரி கற்றார்கள். சுழிக்காகக் கழிக்கப்பட்ட நல்ல குதிரை ஒன்று இன்றைக்கும் ஏதோ ஒரு சந்தையில் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். அதைப் போய்ப் பாருங்கள்.

என்ன கொடுக்க வேண்டும்? கொள்ளுதானே?

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு விஷயத்தை எழுதியிருக்கிறார். அரசர்கள் வருடந்தோறும் ஆயிரக்கணக்கில் கப்பலில் குதிரைகளை வாங்கினார்கள். சரியாகப் பார்த்துக்கொள்ளத் தெரியாமல், ஒரு வருடத்துக்குள் அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போயின. இறைச்சியையும் சோற்றையும் சேர்த்து வேகவைத்துக் கொடுத்தார்கள் என்கிறார். பொன்னைக் கொட்டி வாங்கினார்கள், எது தீனி என்று தெரியவில்லை. இன்றைக்கும் நான் பார்க்கிற சாவுகளில் பாதிக்குத் தீனிதான் காரணம்.

குதிரையின் இரைப்பை உடம்போடு ஒப்பிட்டால் மிகச் சின்னது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். அதில் அமிலம் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும். ஆகவே நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் போய்க்கொண்டிருக்க வேண்டும். மாட்டைப் போல ஒரேயடியாகத் தின்றுவிட்டு அசைபோட அதற்கு வழியில்லை. ஐந்தாறு மணி நேரம் வெறும் வயிற்றில் நின்றால் புண் வரத் தொடங்கும்.

400 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு 8 கிலோ காய்ந்த புல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுகம்புல் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. குதிரைமசால் என்ற தீவனப் பயிர் சத்தானது, பெயரிலேயே குதிரை இருக்கிறது, ஆனால் அதை மட்டுமே கொடுத்தால் அதிகம். ராகித் தாளையும் வைக்கோலையும் பசி அடக்கக் கொஞ்சம் சேர்க்கலாம், முழுத் தீனியாக வைக்க முடியாது. பால் மாட்டுக்காக எல்லாரும் வளர்க்கும் கலப்பின நேப்பியர் புல்லில், சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாத ஆக்சலேட் அதிகம். அதையே மாதக்கணக்கில் போட்டு, மேலே தவிட்டையும் கொட்டினால் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து இறங்கி முகம் வீங்கிவிடும். "முகம் நல்லா புஷ்டியா இருக்கு" என்று சந்தோஷமாகக் காட்டிய ஒரு குதிரையில் அதை நேரில் பார்த்திருக்கிறேன்.

கொள்ளை ஊறவைத்து வேகவைத்து அளவாகக் கொடுங்கள். தானியம் எதுவானாலும் வேலைக்குத் தக்கபடிதான். வேலை இல்லாத குதிரைக்குத் தானியத்தைக் கொட்டினால் அது பின்குடலில் புளித்துக் குளம்பு வரைக்கும் பாதிக்கும். உப்புக்கட்டி எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

வேலியில் அரளி இருந்தால் இன்றைக்கே வேரோடு பிடுங்குங்கள். நெடுஞ்சாலை நடுவில் பூத்து நிற்கிறதே, அதே அரளிதான். கொஞ்சம் இலை போதும், இதயம் நின்றுவிடும். உண்ணிச்செடியும் ஆமணக்கும் கூடாது. பூசணம் பிடித்த புல்லை வெயிலில் காயவைத்துக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். கூடாது, எருக்குழிக்குத்தான் போக வேண்டும்.

வயிற்றுவலி வந்தால் எப்படித் தெரியும்?

இந்த ஒரு பதிலையாவது முழுதாகப் படியுங்கள்.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது கீழ்வழியாகத்தான் போயாக வேண்டும். அந்த வழி அடைத்தாலோ, முறுக்கிக்கொண்டாலோ சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். முன்காலால் தரையைக் கிளறுவது, திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்ப்பது, படுப்பதும் எழுவதுமாக இருப்பது, உருளுவது, தீனியைத் தொடாமல் நிற்பது, லத்தி போடாமல் இருப்பது எல்லாம் அடையாளம். நான் காலையில் லாயத்தைத் திறந்ததும் முதலில் குதிரையின் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. தரையில் எத்தனை லத்தி கிடக்கிறது என்று எண்ணுவேன்.

2011 கார்த்திகையில் ஒரு ராத்திரி. புல் கொண்டுவருபவர் மழையில் நனைந்த கட்டுகளை அடியில் வைத்து மேலே காய்ந்ததை அடுக்கியிருந்தார். அவசரத்தில் நான் பிரித்துப் பார்க்கவில்லை. பத்து மணிக்கு மல்லி கீழே விழுந்து உருண்டாள். உடம்பெல்லாம் வேர்வை. உதவிக்கு வந்த பக்கத்துத் தோட்டக்காரர் அன்பாகத்தான் சொன்னார்: "அரை லிட்டர் நல்லெண்ணெயை மூங்கில் குழாயில் ஊத்துங்க சாமி, சரியாயிடும்." நானும் குழாயைக் கையில் எடுத்துவிட்டேன். போனில் டாக்டர் சத்தம் போட்டார். வலியில் துடிக்கும் குதிரைக்கு வாயில் ஊற்றினால் எண்ணெய் நுரையீரலுக்குப் போய்விடும், வயிறு பிழைத்தாலும் நிமோனியாவில் சாகும் என்றார். குழாயைக் கீழே போட்டேன். அவர் வந்து மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டு, அடைபட்டிருந்த காற்றையும் திரவத்தையும் வெளியே எடுத்தார். அதற்கு அப்புறம்தான் மருந்து. விடிகாலை நாலரைக்கு அவள் லத்தி போட்டாள். பெரியவர்கள் மூன்று பேர் லாயத்தில் நின்று அழுதோம்.

ஆகவே ஒரு தெர்மாமீட்டரும் ஒரு ஸ்டெதஸ்கோப்பும் லாயத்தில் தொங்கட்டும். ஓய்வாக நிற்கும் குதிரைக்கு உடம்புச் சூடு 99 முதல் 101 பாரன்ஹீட், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. துடிப்பு 60-ஐத் தாண்டினால் டாக்டரிடம் அந்த எண்ணை முதலில் சொல்லுங்கள். விலாவில் காதை வைத்துக் கேளுங்கள். நல்ல குடல் எப்போதும் கடமுட என்று சத்தம் போடும், நிசப்தம்தான் ஆபத்து. தீனியை எடுத்துவிடுங்கள், நிதானமாக நடத்துங்கள். டாக்டர் சொல்லாமல் வலி ஊசி போடாதீர்கள். வலி மறைந்தால் நோயும் மறைந்ததாகத் தோன்றி நேரம் கைநழுவிவிடும். குதிரைக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்கள் இருவரின் எண்ணாவது கையில் இருக்க வேண்டும், குதிரை வாங்கும் முன்பே.

லாடம் கட்டாயமா?

கட்டாயம் இல்லை. மண்ணில் மட்டும் நடக்கும் என் மட்டக்குதிரை (பெயர் குட்டி) வெறுங்குளம்போடு சந்தோஷமாக இருக்கிறான். தார்ச் சாலையில் நடக்கும் பாரிக்கு லாடம் உண்டு. லாடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குளம்பு நகம் போல வளர்ந்துகொண்டே இருக்கும், ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவியாக வேண்டும். தினமும் நான்கு குளம்புகளையும் தூக்கி உள்ளே இருக்கும் மண்ணையும் கல்லையும் கிளறி எடுங்கள். பெங்களூர் மழைக்காலத்தில் ஈரத்தில் நின்றால் குளம்பின் நடுச்சதை அழுகி ஒரு கெட்ட வாடை வரும். கண்ணுக்குத் தெரியும் முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும். நல்ல லாடக்காரர் கிடைத்தால் அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

கடிவாளம் போட வாயைத் திறக்க மாட்டேன் என்கிறதே?

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று பழமொழி சொல்லிக் குதிரையைத் திட்டுவார்கள். எனக்கு அந்தப் பழமொழி கேட்கும்போதெல்லாம் கஷ்டமாக இருக்கும். குதிரைப் பல் தேயத் தேய வெளியே வந்துகொண்டே இருக்கிற பல். மேல் கடைவாய்ப் பல்லின் வெளி விளிம்பு கூர்மையாகிக் கன்னத்தைக் கிழிக்கும், கீழ்ப் பல்லின் உள் விளிம்பு நாக்கைக் கிழிக்கும். அந்தப் புண்ணோடு யார் வாயைத் திறப்பார்கள்? வருடத்துக்கு ஒருமுறை பல்லை அரம் கொண்டு ராவவேண்டும். மென்ற புல்லை உருண்டையாகத் துப்புவதும், லத்தியில் முழுத் தானியம் வருவதும் பல் வலிக்கிறது என்பதற்கு அடையாளம்.

கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டால் செலவு ஈடாகுமே?

நான் விடமாட்டேன். ராத்திரி, பட்டாசு, செண்டை, ஜெனரேட்டர், கூட்டம். ஓடிப் பிழைப்பதற்கென்றே உருவான ஒரு பிராணியை அதற்கு நடுவில் கட்டி நிறுத்துகிறோம். அது நகராமல் இருக்கச் சிலர் முள் கடிவாளம் போடுகிறார்கள். வண்டி இழுக்கும், சுமை தூக்கும் விலங்குகளுக்காக 1965-இல் வந்த விதிகளிலேயே முள் வைத்த கடிவாளத்துக்குத் தடை இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பதும் அதே விதிதான். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக் குதிரை வந்தால் அதன் வாயோரத்தில் ரத்தம் இருக்கிறதா என்று ஒரு நிமிடம் பாருங்கள். இருந்தால் மாப்பிள்ளையை நடக்கச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு குதிரை வளர்த்தால் போதாதா?

அது கூட்டத்தில் வாழும் பிராணி. தனியாக நின்றால் தூங்கக்கூடப் பயப்படும். நின்றபடி கண் அயரும் என்பது உண்மைதான், கால் மூட்டைப் பூட்டிக்கொள்ளும் அமைப்பு அதற்கு உண்டு. ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்தே ஆக வேண்டும், காவலுக்கு ஒரு துணை இருந்தால்தான் நிம்மதியாகப் படுக்கும். இரண்டாவது குதிரைக்கு வசதி இல்லையென்றால் ஒரு ஆடு, ஒரு கழுதை ஏதாவது. எங்கள் வெள்ளாடு பாரியின் காலடியில்தான் ராத்திரி படுக்கிறது.

பிள்ளைக்குக் குதிரைப் பைத்தியம். வாங்கிக் கொடுக்கலாமா?

முதலில் சவாரிப் பள்ளியில் சேருங்கள். இந்த ஊர்ப் பிள்ளை ஃபவாத் மிர்சா 2018 ஆசிய விளையாட்டில் தனிநபர், அணி என்று இரண்டு வெள்ளி வாங்கினார். குதிரையேற்றத்தில் 1982-க்கு அப்புறம் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தனிநபர் பதக்கம் அது. டோக்கியோ ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்று வரை போய் 23-ஆவது இடம் பிடித்தார். ஆகவே இங்கே கற்றுக்கொள்ள வழி இருக்கிறது.

ஆனால் சவாரி வகுப்பு முடிந்ததும் பிள்ளை காரை நோக்கி ஓடுகிறதா, குதிரையோடு லாயத்துக்கு நடக்கிறதா என்று பாருங்கள். ஒரு வருடம் லத்தி அள்ளி, தண்ணீர்த் தொட்டி தேய்த்து, மழை நாளிலும் வரட்டும். அதற்கு அப்புறமும் கேட்டால் பேசலாம்.

மாதம் எவ்வளவு ஆகும்?

விலை ஏறி இறங்குகிறது, அளவைச் சொல்கிறேன், உங்கள் ஊர் விலையில் பெருக்கிக்கொள்ளுங்கள். ஒரு குதிரைக்கு மாதம் 240 கிலோ காய்ந்த புல், மேலே தானியம், குதிரையைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு (சைஸ் என்பார்கள்) நியாயமான சம்பளம், லாடக்காரர், டெட்டனஸ் ரேபீஸ் தடுப்பூசிகள், பூச்சி மருந்து. இவை தவிர, எப்போது வேண்டுமானாலும் வரும் ஒரு ராத்திரி வைத்தியத்துக்குத் தனியாக ஒரு தொகை. வாங்கும் விலை இவற்றின் முன்னால் சின்னது.

வயதான குதிரையை என்ன செய்வது?

வைத்துக்கொள்வதுதான். கடைசி நான்கு வருடம் மல்லிக்குக் கடைவாய்ப் பல் இல்லை. புல்லைப் பொடியாக நறுக்கி, தவிட்டோடு வெந்நீரில் ஊறவைத்து, கஞ்சி மாதிரி ஒரு நாளைக்கு ஐந்து வேளை. குளிர் ராத்திரிகளில் மேலே கம்பளம். 2021 தை மாதம், 28 வயதில், எழ முடியாமல் போனபோது டாக்டரை வரச் சொன்னோம். தலை என் மடியில் இருந்தது. நிலத்தின் கிழக்கு ஓரத்தில், கிணற்றிலிருந்து தள்ளி, ஜேசிபி வைத்து ஆழமாகக் குழி எடுத்தோம். இதையும் வாங்கும்போதே யோசித்து வைக்க வேண்டும். 400 கிலோ உடம்பை அந்த நேரத்தில் எங்கே கொண்டுபோவது என்று திகைத்து நிற்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். குழியை மூடும் முன்னால் பாரியைக் கூட்டி வந்து காட்டினோம். முகர்ந்து பார்த்தான், கொஞ்ச நேரம் நின்றான், தானாகத் திரும்பி நடந்தான். காட்டாமல் இருந்தால் நாள் கணக்கில் கூப்பிட்டுக்கொண்டிருந்திருப்பான்.

லாயத்துக்கு வந்து பார்க்கலாமா?

தாராளமாக. ஞாயிறு காலை ஆறரைக்கு முன்னால் வந்தால் தீனி வைக்கும் நேரம் பார்க்கலாம். பின்பக்கமாக நெருங்காதீர்கள், நேர் பின்னால் அவற்றுக்குக் கண் தெரியாது. தோள் பக்கமாகப் பேசிக்கொண்டே வாருங்கள். கேரட் கொண்டுவந்தால் நீளவாக்கில் வெட்டி எடுத்து வாருங்கள். வட்ட வட்டமாக வெட்டினால் தொண்டையில் அடைக்கும்.